பன்றிக்கு வைத்த வெடி

என் வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. பன்றிக்கு வைத்த வெடியில் போனது. ஒரு முஸ்லிம் இதைவிட மோசமாக ஒரு காலை இழக்க முடியாது. பள்ளிவாசலில் ஆரம்பத்தில் எல்லாரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டுதான் விசாரித்தார்கள். பிறகு ஒரு ஜும்ஆ முடிந்து வெளியே நிற்கும்போது ஒருவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அவர் சிரித்ததும் மற்றவர்களுக்கும் துணிச்சல் வந்தது. "வெடிக்கு ஹராம் ஹலால் வெளங்குமா நானா?" என்று ஆறுதல் சொல்வதுபோல ஒருவர் கேட்டார். நானும் சேர்ந்து சிரித்தேன். சிரிக்காவிட்டால் அதற்கும் ஒரு கதை கட்டுவார்கள்.

சண்டைக் காலத்தில் இது இன்னும் பெரிய வேடிக்கையாகிவிட்டது. அலுவிகாரையில் இருக்கிற எங்கள் வீட்டிலிருந்து மாத்தளை டவுனுக்கு பஸ்ஸில் போனால் வழியில் ஆமிக்காரர்கள் இறக்கிச் சோதிப்பார்கள். தமிழ் பேசுகிற ஆள், ஒரு கால் இல்லை. துவக்கு வைத்திருக்கிற பையன்களுக்குப் புலி என்பதைத் தவிர வேறு என்ன தோன்றும்? எங்கே போனது என்று கேட்பார்கள். லக்கலையில் கட்டுத்துவக்கு வெடித்தது, பன்றிக்கு வைத்தது என்பேன். ஒருவன் என் காற்சட்டையைச் சுருட்டிப் பார்த்து, பொய்க்காலைத் தட்டி, பக்கத்தில் நின்றவனைக் கூப்பிட்டு, "இங்க வா, பன்றி ஒண்ணு வந்திருக்கு" என்றான். எனக்குச் சிங்களம் நன்றாக விளங்கும் என்று அவனுக்கும் தெரியும்.

கால் இருந்த மனிதனைப் பற்றிப் பேசும்போது எனக்கு 'நான்' என்று வாயில் வருவதில்லை. அவன் என்றே சொல்லிப் பழகிவிட்டது. அவனை எனக்குப் பிடிக்காது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். என் வீட்டில் என்னைவிட அவனுக்குத்தான் மதிப்பு.

அவன் புடவை வியாபாரி. மாத்தளையில் மொத்தமாகச் சீத்தை, சாரம், வெள்ளைத் துணி எல்லாம் எடுத்துப் பெரிய பொட்டணமாகக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புவான். ரத்தோட்டை வரைக்கும் பஸ். அதற்கு மேலே தேயிலைத் தோட்டங்கள். தொழிலாளர் லயங்களில் கொஞ்சம் வியாபாரம் ஆகும். ரிவர்ஸ்டன் உச்சியில் ஆளையே தூக்கிப் போடுகிற காற்று. பொட்டணத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அதைக் கடந்து அந்தப் பக்கம் இறங்கினால் லக்கலை. மலையின் இந்தப் பக்கம் மழையில் நனைந்தவன் அந்தப் பக்கம் வெயிலில் காய்ந்துகொண்டே இறங்குவான். ஊருக்கும் ஊருக்கும் இடையில் காடு, ஆறு, யானை. பஸ் வந்தாலும் வராவிட்டாலும் அவன் வருவான் என்று அங்கே ஒரு பேர் இருந்தது. அவனை அவர்கள் ரெதி நானா என்று கூப்பிட்டார்கள். ரெதி என்றால் சிங்களத்தில் துணி; நானா என்றால் எங்கள் பேச்சில் அண்ணன். அந்தப் பேரில் அவனுக்கு ஏகப்பட்ட கர்வம். தன் காலைப் பற்றியும் கர்வம். ஒரே நாளில் எங்கிருந்து எங்கே நடந்தான் என்று வீட்டுக்கு வந்து பீற்றிக்கொள்வான். இப்போது அதையெல்லாம் மற்றவர்கள் என்னிடமே சொல்கிறார்கள், எனக்குத் தெரியாத ஒருவனைப் பற்றிச் சொல்வதுபோல.

லக்கலையில் அவன் இரவு தங்குவது ஒரு சேனைக்காரர் வீட்டில். காட்டை வெட்டி எரித்துக் குரக்கனும் மிளகாயும் போடுகிற மனிதர். மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள். அவன் போனால் குரக்கன் ரொட்டி சுடுவார்கள். அவன் சாப்பிடுகிற சட்டியில் தாங்கள் பன்றி இறைச்சி சமைப்பதில்லை என்று அந்த அம்மா அவனுக்கென்று தனியாக ஒரு சட்டி வைத்திருந்தார். அவர்கள் நல்லவர்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும். கெட்டவர்களாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ இலகுவாக இருந்திருக்கும்.

அந்தப் பகுதியில் காட்டுக்குள் நுழைகிறவர்கள் ஒரு பச்சைக் கொப்பை ஒடித்து வழியோர மரத்தில் தொங்கவிடுவார்கள். காட்டைக் காக்கிற தெய்வத்துக்கு. யானை குறுக்கே வராமல் இருக்க. அவன் தொங்கவிடுவதில்லை; பிஸ்மில்லாஹ் சொல்லிவிட்டு நுழைவான். ஆனால் தொங்குகிற கொப்பைக் கண்டால் அவனுக்கு ஒரு தைரியம்: நமக்கு முன்னே ஆள் போயிருக்கிறது, வழி நல்ல வழி. பன்றி தட்டினால் வெடிக்கும்படி கம்பி இழுத்துக் கட்டுத்துவக்கு வைக்கிறவர்களும் பச்சைக் கொப்பைத்தான் ஒடித்து வைப்பார்கள். வழி தொடங்குகிற இடத்தில், இடுப்பு உயரத்தில், இந்தப் பக்கம் வராதே என்று சொல்ல. வைக்கிற உயரத்திலும் விதத்திலும் வித்தியாசம் இருக்கிறது. ஊர்க்காரனுக்குப் பார்த்ததும் தெரியும். ஊருக்குப் புதியவன் கொப்பைக் கண்டதும் பயந்துபோய் யாரையாவது கேட்பான். அவன் ஊர்க்காரனும் இல்லை, புதியவனும் இல்லை. அவனுக்குப் பாதி தெரியும். அந்தப் பாதிதான் என் காலை எடுத்தது.

எண்பதுகளின் நடுவில், சேனை அறுவடை முடிகிற காலம். குருணாகலைப் பக்கத்துச் சிங்கள ஆள் ஒருவன் அந்தக் கிராமங்களுக்குப் புடவை கொண்டுவரத் தொடங்கியிருக்கிறான் என்று முந்தின நாள்தான் அவன் காதில் விழுந்தது. அந்த ஆளுக்கு முன்னால் ஆற்றைக் கடந்துவிட வேண்டும் என்று அவசரம். வழக்கமாக வெயில் ஏறிய பிறகு தேத்தண்ணீர் குடித்துவிட்டு வண்டிப் பாதையால் போகிறவன், அன்று விடிகிற நேரத்தில் சேனைக்காரர் வீட்டில் யாரையும் எழுப்பாமல் பொட்டணத்தைத் தூக்கிக்கொண்டு சேனை ஓரத்துக் குறுக்கு வழியில் இறங்கினான். இறங்குகிற இடத்தில் இடுப்பு உயரத்தில் ஒரு கொப்பு தொங்கியது. இலை இன்னும் வாடவில்லை. அந்தக் குருணாகலைக்காரன் எனக்கு முன்னே இந்த வழியால் போய்விட்டான், அவன் தெய்வத்துக்குத் தொங்கவிட்ட கொப்புத்தான் இது என்று நினைத்து நடையை எட்டிப் போட்டான்.

வெடித்த சத்தம் எனக்கு ஞாபகமில்லை. விழுந்து கிடந்தபோது சேனைக்காரர் ஓடிவருகிற சத்தம் ஞாபகமிருக்கிறது. சந்தோஷமாக ஓடிவந்தார். கையில் கத்தி. பின்னால் வந்த மனைவியிடம், "பெரிசு, பெரிசு" என்று கத்திக்கொண்டே வந்தார். அதை நான் மறக்கவில்லை. ஆளைக் கண்டதும் கத்தியைப் போட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு அழுதார் என்பதையும் நியாயத்துக்காகச் சொல்கிறேன்.

என் பொட்டணத்தையே பிரித்து, மஞ்சள் பூப்போட்ட சீத்தையைக் கிழித்துக் காலைக் கட்டினார்கள். அது அவருடைய மூத்த பெண்ணுக்கென்று முந்தின நாள் எடுத்து வைத்த துணி. பலகையில் தூக்கிக்கொண்டு போய், பிறகு ஒரு ட்ராக்டரில் போட்டுப் பெரிய ரோட்டுக்குக் கொண்டுவந்தார்கள். வழி முழுவதும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தார். அவர் பேசியது சிங்களம்; நம் பேச்சில் எழுதுகிறேன். "பொலிஸ்ல சொல்லிராதீங்க நானா. ரெண்டு பொட்டப் புள்ளைங்க இருக்கு நானா." கட்டுத்துவக்கு வைத்தால் உள்ளே போட்டுவிடுவார்கள். ஆஸ்பத்திரியில் பொலிஸ்காரர் கேட்டபோது யார் வைத்தது என்று தெரியாது என்றேன். அவர் நம்பவில்லை, ஆனால் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அதை எல்லாரும் மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டார்கள். என் மனைவி எடுத்துக்கொண்டாள், தம்பி எடுத்துக்கொண்டான், பள்ளிவாசலில் பெரிய மனசு என்று தோளில் தட்டினார்கள். காட்டிக்கொடுக்காமல் இருப்பது வேறு, மாப்பு கொடுப்பது வேறு. ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்குச் செய்த அநியாயத்தை அந்த மனிதன் பொறுத்துக்கொள்ளாத வரைக்கும் அல்லாஹ்கூட மன்னிப்பதில்லை என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். செய்தவன் வந்து, முகத்தைப் பார்த்து, மாப்புத் தாருங்கள் என்று கேட்க வேண்டும். அவர் அன்று ட்ராக்டரில் கேட்டது மாப்பு அல்ல. பொலிஸில் சொல்லாதே என்றுதான் கேட்டார். அதைக் கொடுத்துவிட்டேன். மற்றதைக் கேட்டு அவர் வரவில்லை. கால் எடுத்த பிறகு ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. வீட்டுக்கும் வரவில்லை.

நான் காத்துக்கொண்டிருந்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அது ஒன்றுக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தேன். கால் போனது, வியாபாரம் போனது, தோளில் பொட்டணத்தின் காய்ப்புக்கூட மெல்ல மெல்ல மறைந்துவிட்டது. அந்த மாப்பு மட்டும் என் கையில் இருந்தது. நான் கொடுத்தால்தான் ஒருவருக்குக் கிடைக்கும் என்று உலகத்தில் எனக்கு மிச்சமிருந்த ஒரே பொருள் அதுதான். அவர் வந்து நிற்கும்போது என்ன சொல்வேன் என்று சிங்களத்தில் வசனம்கூடத் தயார் பண்ணி வைத்திருந்தேன். சில நாள் கொடுப்பேன். சில நாள் கொடுக்காமல் திருப்பி அனுப்புவேன். எப்படியானாலும் அவர் வர வேண்டும்.

பொய்க்கால் கிடைத்தது. பள்ளிவாசலில் சுவரோரம் எனக்கென்று ஒரு கதிரை போட்டார்கள். தொழுகை ஸஃப் வரிசையில் தோளோடு தோள் நின்றவன் கதிரையில் உட்கார்ந்து தலையை மட்டும் குனிந்து தொழப் பழகினேன். மாமனார் பழைய தையல் மெஷின் ஒன்று கொண்டுவந்து முன்னறையில் வைத்தார். மிதி மெஷினை இரண்டு காலாலும் மிதிப்பார்கள். ஒற்றைக் காலால் மிதித்தால் சக்கரம் பாதிச் சுற்றில் நின்று பின்பக்கமாகச் சுழன்று நூலை அறுத்துவிடும். நூல் அறுந்த ஒவ்வொரு தடவையும் அவனைத் திட்டினேன். கொழுப்பெடுத்து விடியற்காலையில் ஓடிப்போனவன் அவன், உட்கார்ந்து நூல் கோர்க்கிறவன் நான். ஒரு வருடம் போலப் போன பிறகு கை சக்கரத்தைப் பிடித்துக்கொடுக்கக் கற்றுக்கொண்டது. சாரம் மூட்டினேன், சட்டைக்குக் காஜா எடுத்தேன், பள்ளிக்கூட வெள்ளைத் துணி தைத்தேன். சோற்றுக்குப் போதுமாக இருந்தது. இரண்டு கையும் ஒரு காலும் உள்ளவன் இதற்குமேல் எதிர்பார்க்கக் கூடாது என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். அவர்கள் எல்லாருக்கும் இரண்டிரண்டு கால்.

என் மனைவிக்கு வாய் கூர்மை. ஒரு நாள் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்வது மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. "முந்தி ஊட்டுல நிக்க மாட்டாருன்டு அழுத. இப்ப ஊட்ட உட்டுப் போக மாட்டாருன்டு அழுற. அல்லா எனக்கு நடுவால ஒண்டும் வெக்கல்ல." இருவரும் சிரித்தார்கள். நான் மெஷினை வேகமாக மிதித்தேன். நூல் அறுந்தது.

பொட்டணத்தைத் தம்பி எடுத்துக்கொண்டான். யாராவது எடுக்கத்தானே வேண்டும். முதல் தடவை லக்கலைக்குப் போனவன் கட்டுப் பிரிக்காத பொட்டணத்தோடு திரும்பி வந்தான்.

"ஒத்தரும் வெளிய வரல்ல நானா. கதவ மூடிக்கிறாங்க. கேஸ் போட ஆள் தேடி வந்தன்டு நெனச்சிட்டாங்க போல. அந்த மனுசன் என்னக் கண்டதும் காட்டுக்குள்ள ஓடிட்டாரு" என்றான்.

அடுத்த தடவை போனபோது பொட்டணம் முழுவதும் விற்றுத் தீர்ந்திருந்தது. எனக்கு ஆச்சரியம். எப்படியடா என்று கேட்டேன். "பேசுற வெதத்துல பேசின நானா" என்றான். கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டேன். பொறாமைப்பட்டேன் என்பதுதான் உண்மை.

கொஞ்ச காலத்தில் தம்பியையும் அங்கே ரெதி நானா என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். அதை அவனே சிரித்துக்கொண்டு சொன்னான். நான் மூட்டிய சாரங்களைத்தான் அவன் அங்கே விற்றான். என் தையல் லக்கலைக்குப் போய் வந்தது. நான் முன்னறையில் இருந்தேன். ஒரு மாலை வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. தூரத்திலிருந்து நடந்து வருகிறவனின் சத்தம், குதிகாலை அழுத்தி வைக்கிற நடை. குசினியில் இருந்த என் மனைவி தலையில் முக்காட்டைச் சரி பண்ணிக்கொண்டு அவசரமாக முன்னால் வந்தாள். முகம் மலர்ந்திருந்தது. கதவைத் திறந்து தம்பியைக் கண்டதும் அப்படியே நின்றாள். பிறகு என் பக்கம் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். அந்த மலர்ந்த முகத்தைக் கல்யாணமான புதிதில் நான் கண்டிருக்கிறேன். அது எனக்கு வந்தது இல்லை, கால் இருந்த அவனுக்கு வந்தது.

தம்பி ஒவ்வொரு தடவை திரும்பி வரும்போதும் கேட்பேன்.

"அவரக் கண்டியா?"

"கண்ட."

"என்ன சொன்னாரு?"

"சொகமா ஈக்கிறாரு."

"என்னப் பத்தி?"

"எல்லாரும் ஒங்கள நெனக்கிறாங்க நானா."

அதற்குமேல் ஒன்றும் சொல்ல மாட்டான். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விடுவான்.

பிறகு எண்பதுகளின் கடைசி வந்தது, சிங்களப் பையன்களின் கிளர்ச்சியும் அதை அடக்கிய கொலைகளும் வந்தன. ரோட்டோரத்தில் கிடந்ததைப் பார்க்காமல் நடக்க ஊர் முழுவதும் பழகிக்கொண்ட காலம். தம்பி மலைக்கு அந்தப் பக்கம் போகவே இல்லை. லக்கலையிலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு போனார்கள் என்று கேள்விப்பட்டேன். என் பயம் எல்லாரையும் போன்ற பயம் இல்லை. சேனைக்காரர் என்னிடம் கேட்காமலே செத்துப்போய்விடுவாரோ என்று பயந்தேன். அவர் போய்விட்டால் என் கையில் இருப்பதை நான் யாரிடம் கொடுப்பேன்? யாருக்குக் கொடுக்க மறுப்பேன்? அவ்வளவு பேர் செத்துக்கொண்டிருந்தபோது ஒருவன் இதற்காகத் தூங்காமல் இருந்தான் என்றால் அவனைப் பற்றி நீங்கள் என்ன நினைப்பீர்களோ, நினைத்துக்கொள்ளுங்கள்.

நிலைமை கொஞ்சம் அடங்கியதும் நானே போவது என்று முடிவெடுத்தேன். அவர் வரவில்லை என்றால் நான் போய் அவர் முன்னால் நிற்பேன். என்னைக் கண்டால் கேட்கத்தானே வேண்டும். கால் போன தேதியிலேயே போனேன். வருடத்தில் அந்த ஒரு நாள் என்னால் மெஷினில் உட்கார முடியாது. மனைவியிடம் கண்டிக்குப் போய்ப் பொய்க்காலின் வாரை மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று சொன்னேன்.

லக்கலைக்குக் காலையில் ஒரு பஸ். அதுவே பின்னேரம் திரும்பும். ரத்தோட்டைக்கு மேலே வளைவுகளில் பஸ் முக்கி முனகி ஏறியது. அவன் நடந்து கடந்த இடங்கள் ஜன்னலுக்கு வெளியே ஒவ்வொன்றாகப் போயின. உச்சியில் மூடுபனி. பஸ் நின்றதும் உள்ளே இருந்த எல்லாரும் இறங்கிப்போய்க் காற்றில் நின்று வந்தார்கள். நான் இறங்கவில்லை. அந்தக் காற்றில் பொய்க்காலோடு நிற்க முடியுமா என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை.

இறங்கிய இடத்திலிருந்து சேனைக்காரர் வீட்டுக்கு அவன் ஒரு வெற்றிலை மென்று முடிப்பதற்குள் போய்விடுவான். நான் கைத்தடியை ஊன்றிக்கொண்டு, மரத்துக்கு மரம் நின்று, வெட்டுக்கால் பொய்க்காலில் உரசி எரிய எரியப் போனேன். வீடு கண்ணில் பட்டபோது உச்சி வெயில். வாசலில் நிறையச் செருப்பு. முற்றத்தில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. பிக்குமார் சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டிருந்தார்கள். வந்த சனம் பாய் விரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. யாரோ செத்துவிட்டார்கள், அவர்தான், கேட்காமலே போய்விட்டார் என்று நினைத்தேன்.

எனக்குத் தெரியாத இளம் மனிதர் ஒருவர் எழுந்து வந்தார். மூத்த பெண்ணின் புருஷன் என்று பிறகு தெரிந்தது. "வாங்க மாத்தயா, தானத்து வீட்டுக்கு வந்தவங்க சாப்பிடாமப் போகக்கூடாது" என்று கதிரை எடுத்துப் போட்டார். மாத்தயா என்றால் ஐயா, தெரியாதவர்களைக் கூப்பிடுகிற விதம். பொய்க்காலைப் பார்த்துவிட்டு, "ஆமியில இருந்தீங்களா?" என்று மரியாதையாகக் கேட்டார். செத்தவர் பேரில் கொடுப்பதுதான் இந்தத் தானம்; யாருக்காக என்று கேட்டேன்.

"எங்க மாமாவோட சிநேகிதர் ஒருத்தருக்கு. துணி கொண்டு வருவாரு, ரெதி நானான்னு. முஸ்லிம் ஆளு. இங்க கட்டுத்துவக்கு பட்டு செத்துட்டாரு. இப்ப அவரு தம்பி வர்றாரு. இந்தத் தேதிக்கு வருஷா வருஷம் மாமா தானம் குடுப்பாரு. ஊரே வரும்."

எனக்கு முதலில் வந்தது சிரிப்பு. முஸ்லிமுக்குப் பிக்குமாரைக் கூப்பிட்டுப் புண்ணியம் அனுப்பியிருக்கிறார்கள். அவனுக்கு வந்த வாழ்வைப் பார்.

அப்போது அந்த அம்மா சோற்றுத் தட்டோடு வந்தார். என் முகத்தைப் பார்த்தார். நின்றார். இவர் கூப்பிட்டுவிடுவார், இப்போது நானா என்று அலறிவிடுவார் என்று நான் காத்திருந்தேன். அவர் தட்டை என் மடியில் கவனமாக வைத்துவிட்டு, "சாப்பிடுங்க மாத்தயா" என்றார். உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் சேனைக்காரர் வெளியே வந்தார். தலை நரைத்திருந்தது. எனக்கு நேர் எதிரே பாயில் உட்கார்ந்தார். என் கண்ணைப் பார்த்தார், காலைப் பார்த்தார், மறுபடி கண்ணைப் பார்த்தார். சுற்றியிருந்த கிழடுகள் எல்லாம் பேச்சை நிறுத்திவிட்டன. அவர்களில் பாதிப் பேருக்கு அவன் துணி விற்றிருக்கிறான். ஒவ்வொரு முகத்திலும் என்னை அடையாளம் கண்டது தெரிந்தது.

"மாத்தயா எங்கருந்து வாறீங்க?" என்று சேனைக்காரர் எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டார்.

"அலுவிகாரையிலருந்து" என்றேன்.

"தூரம்தான். நல்லாச் சாப்பிடுங்க."

பேச்சு மறுபடி தொடங்கியது. மழையைப் பற்றி, யானை மிதித்த வயலைப் பற்றி. நான் சாப்பிட்டேன். பசி. பூசணிக்காய்க் கறியும் பருப்பும் கத்தரிக்காயும். அவனுக்காகச் சமைத்தது நன்றாகவே இருந்தது.

நான் எழுந்ததும் ஜங்ஷன் வரைக்கும் வருகிறேன் என்று சேனைக்காரரும் எழுந்தார். என் நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். வீடு மறைந்தது.

"நானா" என்றார் பிறகு, மெதுவாக. "ஒங்க தம்பிதான் சொன்னாரு செத்துட்டீங்கன்னு. சாகும்போது, அந்த மனுஷன் மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல, மன்னிச்சிட்டேன்னு போய்ச் சொல்லுன்னு சொன்னீங்கன்னு சொன்னாரு. அன்னிக்கித்தான் நான் வீட்டுக்குத் திரும்பி வந்தேன். அதுவரைக்கும் காட்டுலதான் கிடந்தேன். ஊர்ல எல்லாரும் அழுதாங்க. ஒங்க தம்பிகிட்ட இருந்த துணியெல்லாம் வாங்கினாங்க."

அந்தப் பொட்டணம் எப்படி விற்றுத் தீர்ந்தது என்று அப்போது எனக்கு விளங்கியது. என் மௌத்து வியாபாரத்துக்கு நல்லதாக அமைந்திருக்கிறது. தம்பியிடம் இதைப் பற்றி நான் இன்றுவரை கேட்கவில்லை. கேட்டால் அவனும் ஒரு நியாயம் சொல்வான், அது சரியாகவும் இருக்கும்.

"நான் உசுரோட இருக்கிறது எப்பத் தெரியும்?" என்று கேட்டேன்.

"அடுத்த வருஷமே தெரியும். எங்க ஆளு ஒருத்தன் மாத்தளை ஆஸ்பத்திரிக்குப் போன நேரம் அலுவிகாரைப் பக்கமும் போய்க் கண்டிருக்கான். தையல் மெஷின்ல இருக்கீங்கன்னான். அப்ப தானம் குடுத்து முடிஞ்சிருச்சு. அதுக்கப்பறம் அதப் பத்தி ஒருத்தரும் பேசல்ல."

"பேசாம வருஷா வருஷம் குடுத்தீங்க."

"குடுத்தேன்."

ஜங்ஷன் வந்துவிட்டது. தயார் பண்ணி வைத்த வசனம் ஒன்றும் வாயில் வரவில்லை. வந்தது வேறு. "நான் மன்னிக்கல்ல" என்றேன். என் குரல் எனக்கே அசிங்கமாகக் கேட்டது. "ஒரு நாளும் மன்னிக்கல்ல. அது பொய். நீங்க வந்து கேப்பீங்கன்னு இத்தன வருஷமா உக்காந்திருந்தேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். கேளுங்கள், இப்போதாவது கேளுங்கள் என்று என் மனம் அடித்துக்கொண்டது. அவர் ஒரு வார்த்தை கேட்டால் கொடுத்துவிடுவேன் என்று அந்த இடத்தில்தான் எனக்குத் தெரிந்தது. மறுப்பதற்கு என்னிடம் ஒன்றுமே இல்லை. தூரத்தில் பஸ் வருகிற சத்தம் கேட்டது.

அவர் நிமிர்ந்தார். முகத்தில் கோபமோ பயமோ இல்லை. ஒரு வீட்டில் தப்பாக வந்து கதவைத் தட்டியவனுக்கு வழி சொல்வதுபோல, தன்மையாகச் சொன்னார்.

"நீங்க குடுக்கத் தேவையில்ல மாத்தயா. ரெதி நானா குடுத்துட்டாரு."

பஸ் வந்து நின்றது. படி உயரம். அவர் என் கைத்தடியை வாங்கி உள்ளே வைத்துவிட்டுக் கையை நீட்டினார். பிடித்துக்கொண்டேன். பிடிக்காமல் என்னால் ஏற முடியாது.